மாற்றுப்பாதை

ஏரிக்கு வயது பதினான்கு,
எனக்கு அறுபத்தெட்டு.
மூத்தவள் நான்தான். இருந்தும்
இறுக்கமான சட்டை போட்டு முந்துகிறவர்கள்
என்னைப் பார்த்துத்தான் மணியடிக்கிறார்கள்.

அடிக்கட்டும்.
என் சைக்கிளில் மூன்று கியர், இரண்டாவது விழாது.
பின்னால் வில்ஃப்ரீட் வருகிறான்.
அவன் கூடையில் ஒரு தெர்மாஸ், நேற்றைய செய்தித்தாள்,
எதற்கென்று கேட்டால் சொல்லாத ஒரு கயிறு.

முப்பத்தொரு வருடம் அவன் பம்பு பார்த்தவன்.
லவுசிட்ஸின் நிலத்தடி நீரை
ராவும் பகலும் இறைத்து ஆற்றில் விட்டான்.
காய்ந்த குழிக்கு மேலே, இயந்திரக் கூண்டில்,
கரிக்கு மேலிருந்த மண்ணை வழித்து
முதுகுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தேன் நான்.

பம்புகளை நிறுத்திய அன்று அவன் குடிக்கவில்லை.
'இனி அது தானா வரும், குட்ருன்' என்றான்.
வந்தது.
முதல் கோடையில் கணுக்கால் அளவு,
அடுத்ததில் ஒரு நாரை நிற்கிற அளவு,
பிறகு நாங்கள் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.
கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும்.
இங்கே பூதத்தை அள்ளி எரித்து முடித்த பிறகு
கிணறு கிளம்பியது.

பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள்.
வில்ஃப்ரீட் 'ஓட்டை' என்று எழுதிப் போட்டான்.
தேர்வாகவில்லை.
இப்போது பலகையில் ஜெர்மனில் ஒரு பெயர்,
அதன் கீழே சோர்பிய மொழியில் ஒன்று,
இரண்டையும் நான் சொல்வதில்லை.

ஏரிக்கு நெஞ்செரிச்சல்.
தண்ணீர் அவ்வளவு புளிப்பு.
அதற்கென்று ஒரு படகு வைத்திருக்கிறார்கள்,
நாள் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்துத் தெளித்தபடி
நடுவில் சுற்றுகிறது, நோயாளியை விட்டு நகராத தாதி.
மீன் கிடையாது.
கரையிலுள்ள கடையில் மீன் வைத்த ரொட்டி கிடைக்கும்,
மீன் வடகடலிலிருந்து வருகிறது.

டிரெஸ்டனிலிருந்து வந்த ஒரு தம்பதி,
அவளுடைய கூந்தலில் இன்னும் நீச்சலின் ஈரம்,
'இயற்கையான ஏரியா?' என்று கேட்டார்கள்.
'தண்ணீர் மட்டும்' என்றான் வில்ஃப்ரீட்
வாயில் வெங்காயத்தோடு.

பதினொன்றாவது கிலோமீட்டரில் வேலி.
மஞ்சள் பலகை: உயிராபத்து.
நேற்றிரவு கரை சரிந்திருக்கிறது,
ஆறு பிர்ச் மரங்கள் நின்றபடியே தண்ணீருக்குள் போயிருக்கின்றன,
உச்சிக் கிளைகள் மட்டும் வெளியே.
அம்புக்குறி போட்டிருந்தார்கள்:
மாற்றுப்பாதை, ஐந்து கிலோமீட்டர்.

வில்ஃப்ரீட் எதுவும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது?
எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.
எண்பத்தாறில், பனிக்காலத்தில், இலக்கை எட்ட
இரண்டு ஷிப்டின் மண்ணை ஒரே ஷிப்டில் கொட்டினேன் அங்கே.
போனஸில் ஒரு குளிர்பெட்டி வாங்கினோம்.
அது இன்னும் ஓடுகிறது.
மண்தான் நிற்கவில்லை.

மாற்றுப்பாதை மேட்டில் ஏறுகிறது.
இந்த வட்டாரத்தில் வேறு மேடு இல்லை,
இதையும் நாங்களே கொட்டினோம்.
என்னுடைய மேட்டில் எனக்கே மூச்சு வாங்குகிறது.
வரிசை பிசகாத பைன் மரங்கள், டயரைப் பிடிக்கும் மணல்.
அப்போதுதான் அவன் கயிற்றை எடுத்தான்.

அவனுடைய சைக்கிளுக்கு மின்மோட்டார்.
அந்த மின்சாரம் எதை எரித்து வருகிறது என்று
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
தூரத்தில் குளிர்விப்புக் கோபுரங்கள்
வெள்ளையாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.
என் கைப்பிடித் தண்டை அவன் இருக்கைக்கடியில் கட்டி
மணலோடு மணலாக என்னை இழுத்துப் போனான்.
வண்டி குலுங்கும்போதெல்லாம் என் இடது கை
இல்லாத ஒரு நெம்புகோலைத் தேடியது.

உச்சியில் காற்று.
கீழே படகு, அதன் பின்னால்
மெல்லக் கரையும் வெள்ளைக் கோடு.
காபி ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.
இறங்குவதற்கு முன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.
முடிச்சு இறுகிவிட்டது.
நகத்தால் பார்த்தான், பல்லால் கடித்துப் பார்த்தான்.
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.