முக்கால்வாசி இறக்கிய ஷட்டர்

டயர் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டால்
பாகாவில் எங்களுக்கு ஒரு திரையரங்கு.
ஆ லெக் தோட்டத்தில் வளர்ந்தவர்,
சாவியைத் தரும்போது தமிழில்தான் சொல்வார்:
"போறப்ப காத்தாடிய அடைச்சிரு."
வாடகை அவ்வளவுதான்.

ஷட்டரின் உள்பக்கம் வெள்ளை அடித்திருக்கிறோம்.
தகரத்தின் மடிப்புகளில் படம் வரிவரியாக விழும்.
யார் முகம் வந்தாலும் நெற்றியில் பட்டை,
அழுகிறவருக்கும் சிரிக்கிறவருக்கும் ஒரே விபூதி.
படத்துக்கு அடியில், திறந்த கால்வாசியில்
ரோட்டில் போகிறவர்களின் கால்கள்.

சட்டம் ஒன்று உண்டு:
எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது
மற்ற நால்வரும் பேசி முடிக்கும் வரை.
அதனால்தான் போன மாதம் நான்
ஒரு லோரி டயர்மேல் உட்கார்ந்து
தே ஓ பொட்டலத்தின் குழாயைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் படம் ஒன்பது நிமிடம்.
செம்பனை ஆலையில் இரவு வேலை முடிந்து வந்தவன்
பகலில் தூக்கம் வராமல் புரள்கிறான்.
(நடித்ததும் நானே. சம்பளம் கேட்காத ஆள் வேறு யார்?)

குலை லோரி ஓட்டும் பிரகலாதன்
கெட்டதைத்தான் முதலில் சொல்வான்.
"நாலாவது நிமிசத்துல வயலின் வருது பாரு,
அங்க நீ பயந்துட்ட."
ஹஃபிஸ், கீழே ஓடிய மலாய் எழுத்தில்
பதினோரு பிழை எண்ணி வைத்திருந்தான்.
திரேசாவுக்கு, ஜன்னலில் வெளிச்சத்தை மறைக்க
நான் வேலைச் சட்டையை மாட்டும் இடம் மட்டும் போதுமாம்.
அமுதரசி படத்தைத் திரும்பப் போடச் சொல்லி
கண்ணை மூடிக் கேட்டாள்.
"ஆலைச் சத்தம் வீட்டுக்குள்ளயும் இருக்கு.
அது மேல ஏன் பாட்டைப் போத்துனீங்க?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம்
நால்வருக்கும் நல்ல நல்ல பதில்கள் தோன்றின.
மூன்று நாள் ஒருவரிடமும் பேசவில்லை.
நான்காம் நாள் வயலினை எடுத்துப் பார்த்தேன்.
அடியில் கொதிகலனின் இரைச்சல்,
பக்கத்து வீட்டுக் குழாய்,
யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல்.
இதையெல்லாம் பதிவு செய்தது எனக்கே தெரியாது.

இந்த மாதம் அமுதரசியின் படம்.
ஆறு நிமிடம்.
கோலப் பிலா ரோட்டில் மோட்டோவோடு போன தம்பி
படத்தில் எங்கேயும் வரவில்லை.
வாசலில் அவனது ஒன்பதாம் நம்பர் சப்பாத்து.
அம்மா வீடு துடைக்கிறார்,
சப்பாத்தைத் தூக்குகிறார், அடியில் துடைக்கிறார்,
பழைய இடத்திலேயே வைக்கிறார்.
மறுநாளும்.
ஷட்டருக்கு அடியில் அப்போது பார்த்து
யாரோ இருவர் நடந்து போனார்கள்.

முடிந்தது. காத்தாடி சுற்றியது.
பிரகலாதன், பிரகலாதனே சொன்னான்: "நல்லாருக்கு."
ஹஃபிஸ் தலையாட்டினான்.
திரேசா மூக்கைத் துடைத்துக்கொண்டு, நல்லாருக்கு.
என் முறை வந்தது. நானும் அதையே சொன்னேன்.

சட்டப்படி அதுவரை வாய் திறக்காதவள்
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
"எது நல்லாருக்கு?
என் தம்பி செத்ததா, நான் படம் எடுத்ததா?"
பிறகு மெதுவாக,
"உங்க யாருக்காவது நான் பொய் சொன்னேனா?"

பிரகலாதன் தரையைப் பார்த்தான்.
ரப்பர் வாசனை இவ்வளவு கனமென்று
அன்றுதான் தெரிந்தது.

"கடைசியா," என்று நான் தொடங்கினேன்,
குரல் எனக்கே பிடிக்கவில்லை,
"கேமரா சப்பாத்துக்குக் கிட்டப் போகுதே, அது வேணாம்.
அம்மா தூக்குறப்பவே எங்களுக்கு
அதோட எடை தெரிஞ்சிருச்சு."

"எத்தன செகண்டு?"
"பதினொன்னு."
"ஏழுன்னு நினைச்சேன்."
பழைய ரசீது ஒன்றின் பின்னால் எழுதிக்கொண்டாள்.
"வெட்டிடுறேன்," என்றாள்.
"ஆனா அழிக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு பிரகலாதனுக்கும் வாய் திறந்தது,
இரண்டாம் நாளின் வெளிச்சம் சரியில்லையாம்.
சண்டை போட்டார்கள். மணி ஒன்றானது.

மறுநாள் காலை ஆ லெக் கூப்பிட்டார்.
ராத்திரி முழுக்கக் காத்தாடி ஓடியிருக்கிறதாம்.