ஒன்றேகால் அடி

பினாங்கில் தட்டச்சு செய்த பாகப்பத்திரம்.
ஏழாம் பக்கத்தில் நான்காவது பத்தி,
கிணற்றின் எட்ஜிலிருந்து கிழக்கே பதினாறு அடி என்கிறது.
அந்த ஒரு சொல்லுக்காக
தேவகோட்டை சார் நீதிமன்றத்தில்
பதினோரு வருஷமாக வாய்தா.

மொழிபெயர்ப்பாளர் நான், பெயர் ஜெசிந்தா.
மின்விசிறிக்கு அடங்காத தாள்களின் மேல்
அகராதியைக் கனத்துக்கு வைத்தேன்.
பிறகு பொருளுக்குத் திறந்தேன்.
வாசலில் காத்திருந்தவர்களுக்கோ
பொருள் என்றால் வேறு.

ஓரம் என்றது முதலில்.
எழுதினேன், அடித்தேன்.
ஓரம் பேசுவதென்றால் ஒரு பக்கம் சாய்வது.
கோர்ட்டுக்குள் அந்தச் சொல்
செருப்போடு கோயிலில் நுழைந்த மாதிரி.

நுனி, இலைக்கு உண்டு, மூக்குக்கு உண்டு,
எதிர்த்தரப்பு வக்கீலின் ஆங்கிலம் குடியிருக்கும்
நாக்குக்கு உண்டு.
கிணற்றுக்கு ஏது?

கரை நல்ல சொல்.
ஊருணிக்கும் பொருந்தும், கண்டாங்கிச் சேலைக்கும் பொருந்தும்,
கடன்பட்டவன் கண்ணுக்குத்தான் தட்டுப்படாது.
ஆனால் கிணற்றங்கரை என்று எழுதிவிட்டால்
துவைகல் வரை போய்விடும்.
வாதி சந்தோஷப்படுவார்.

முனை தெருவுக்குப் போனது, மிச்சம் கத்திக்கு.
கடை என்று எழுதினால்
பெஞ்ச் கிளார்க் டீ வாங்க ஆள் அனுப்புவார்.
வரம்பு வயலில் கிடக்கிறது,
மீறிய பிறகே நினைவுக்கு வரும்.
வடிம்பு என்றும் ஒன்று இருந்தது.
வாய்விட்டுப் படித்தேன்,
"வடிகாலா மேடம்?" என்றார் தட்டச்சர்.

விளிம்பு.
கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன்.
இரு தரப்பும் ஒரே நாளில் ஆட்சேபித்தார்கள்.
எந்த விளிம்பு?
உள்ளேயா, வெளியேயா?

அட்வகேட் கமிஷனர், சர்வேயர், நான்,
ஏசி ஓடாத ஒரு வாடகை ஆம்னி.
சித்திரை, பகல் பன்னிரண்டே கால், பள்ளத்தூர்.
வளவு கடந்து, இரண்டாம் கட்டு கடந்து,
இன்னொரு கதவு, இன்னொரு பூட்டு, அதற்கும் பின்னால்
கிணறு.
மேற்கே சாத்தப்பன்.
கிழக்கே அவர் பெரியப்பா மகன் வயிரவன்.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை,
இருவரும் ஒரே மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்,
இடது கையால், சுண்டுவிரல் நீட்டி.

கிணற்றுச் சுவரின் தடிமன் ஒன்றேகால் அடி.
டேப்பின் பூச்சியத்தை உள்பக்கம் வைத்தால்
மதில் வயிரவனுக்கு.
வெளிப்பக்கம் வைத்தால்
மதிலும், அதில் அவர் மாட்டிய ஏசிப் பெட்டியும்,
அதிலிருந்து சொட்டும் தண்ணீரும்
சாத்தப்பனுக்கு.

சர்வேயர் என்னைப் பார்த்தார்.
நான் கிணற்றைப் பார்த்தேன்.
அடியில் முழங்கால் அளவு தண்ணீர்,
அதில் வட்டமாக ஐந்து தலைகள்.
தண்ணீருக்கு
விளிம்பு நாங்கள்தான்.

இரண்டு வீட்டிலும் பாதிப் பாதிச் சம்பளம் வாங்கும்
சோலைச்சி மோர் கொண்டுவந்தார்,
ஐந்து டம்ளர், தட்டு இல்லை, எப்படிப் பிடித்தாரோ.
கிணற்றுச் சுவர் மேல் வரிசையாக வைத்தார்.
"ஓரமா வைக்காத, விழுந்துரும்."
வயிரவன்தான்.
"எந்த ஓரம்?" என்றார் சாத்தப்பன்,
சோலைச்சியைப் பார்க்காமல்,
நேராக அவரைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை.
சர்வேயர் மட்டும் இருமினார்.
சோலைச்சி டம்ளர்களைச் சுவரின் நடுவுக்கு நகர்த்தினார்,
ஒவ்வொன்றாக,
இந்தப் பக்கமும் அரைச்சாண், அந்தப் பக்கமும் அரைச்சாண்.
மோரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்.

என் அறிக்கையில்
விளிம்பு ஒன்றேகால் அடி அகலமுள்ளது,
ஐந்து டம்ளர் வைக்கலாம் என்று எழுதினேன்.
பின்பாதியைக் கமிஷனர் அடித்துவிட்டார்.
அடுத்த வாய்தா ஜூலையில்.

அடித்த வரியை வீணாக்காமல்
அகராதியில், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்,
அச்சுக்காரர்கள் விட்டுவைத்த வெற்றிடத்தில்
பென்சிலால் சேர்த்திருக்கிறேன்.
அந்த வெற்றிடத்துக்கு என்ன பெயர் என்று
இன்னும் பார்க்கவில்லை.