விலக்கு

ஆடிக் காற்று.
பணகுடியில் நூற்றுப்பன்னிரண்டு காற்றாடியும் சுற்றுகின்றன,
பாளையங்கோட்டைத் திரையில் எண்பத்தொன்று.
மீதி முப்பத்தொன்றும் சாம்பல் கட்டம். 
"கரண்டு வருது, கணக்குதான் வரல" என்கிறார்
போனில் மாசானமுத்து, மூன்றாம் தடவையாக,
நான்தான் காற்றைப் பிடித்து வைத்திருப்பதுபோல.

ராத்திரி ஒன்றே கால்.
வழிப்பட்டியலைத் திறக்கிறேன்.
ராதாபுரத்துக்கு வழி இல்லையென்றால்கூடத் தேவலை.
இருக்கிறது.
போகிறவர் 172.19.6.3-இடம் போகவும் என்று
குறிப்பும் இருக்கிறது.

யார் அந்த மூன்று?
பணகுடிக்குத் தெரியும், ஒரே கம்பியில் இருப்பவர்கள்.
பாளையங்கோட்டை அந்தப் பேரையே கேட்டதில்லை.
ஓஎஸ்பிஎஃப்பில் கேட்டதை
பிஜிபியில் பெயர்த்துச் சொன்ன ரூட்டர்
மற்றதையெல்லாம் மாற்றிவிட்டு
அடுத்துப் பிடிக்க வேண்டிய ஆளை மட்டும்
அப்படியே விட்டிருக்கிறது.

காவல்கிணறு விலக்கில் இறங்கி வழி கேட்ட வெளியூர்க்காரியிடம்
"நம்ம சித்திரைவேல்ட்ட கேளுங்க" என்று
கண்டக்டர் விசில் ஊதிப் போனதுபோல.
நம்ம என்ற சொல்
எந்த எல்லையையும் தாண்டியதில்லை.

இத்தனை நாள் எப்படி ஓடியது?
நேற்று மதியம் ஒரு வரியை அழித்தேன்.
பிரம்மசக்தி மஸ்கட் போகுமுன் எழுதிய வரி,
குறிப்பில்லை, காரணமில்லை, குப்பை என்று நினைத்தேன்.
அதுதான் அந்த மூன்றை
பாளையங்கோட்டைக்கு அறிமுகம் செய்துவைத்திருந்தது.
இதை மாசானமுத்துவிடம் சொல்லவில்லை.

பழைய வரியைத் திருப்பிப் போடலாம்.
வேண்டாம்.
பணகுடி ரூட்டரை இப்படிச் சொல்லவைக்கிறேன்:
யாரையும் தேடாதே, என்னிடம் வா,
அடுத்த தாவல் நானே.

முப்பத்தொன்றும் பச்சை.
"வந்துட்டு! எல்லாம் வந்துட்டு!
ஆனா வள்ளியூர் ஏன் இழுக்கு?"

வள்ளியூரும் அதே கம்பியில்தான்.
மூன்றின் பக்கத்து வீடு.
நேரே கை நீட்டினால் எட்டுகிறவரிடம்
பணகுடி சுற்றிப் போய் அதே கம்பிக்குத் திரும்புகிறது
ஒவ்வொரு பொட்டலமும்.
நானே நானே என்பதும்
எல்லாருக்கும் சொல்கிற பேச்சில்லை.

வள்ளியூருக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதினேன்:
உனக்கு அவரைத் தெரியும், நீ நேரே போ.
பாதை பிரிகிற இடத்துக்கும்
விதி தளர்கிற இடத்துக்கும்
எங்கள் பக்கம் ஒரே சொல்தான்.

மூன்று மணி. ஷிப்ட் நோட்டு.
மேலே பிரம்மசக்தியின் கையெழுத்து:
"சந்தேகம்னா செல்வினிடம் கேக்கவும்."
செல்வின் யாரென்று
இங்கே ஒருவருக்கும் தெரியாது.

அதை அடித்தேன்.
"என்னிடம் கேட்கவும்" என்று எழுதி
நம்பரைப் போட்டேன்.
பிறகுதான் போனைப் பார்த்தேன்,
சார்ஜ் நாலு சதவீதம்.
வெளியே காற்று இன்னும்
ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.