குடும்பப் பெயர்

அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி.
மூடியில் கோபுரச் சின்னம் பாதி தேய்ந்துவிட்டது,
அடியில் மார்க்கரில் எழுதிய பிளஸ் டூ ரோல் நம்பர்
இன்னும் அழியவில்லை.
பாட்டரி நாற்பது நிமிடம்.
'வி' பட்டன் கழன்று விழுந்து நாலு வருஷம்.

கடலூர் பஸ் ஸ்டாண்டு எதிர் மாடியில்
ஏஜென்ட் கேட்டது இரண்டேகால் லட்சம்.
"ஜெர்மனிம்மா, சும்மாவா" என்றான்.
சுவரெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள்,
ஃபேன் ஓடவில்லை.
மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே வந்தேன்.
வந்து இதைத் திறந்தேன்.

பதினோரு மாதம்.
டியூட்டி இல்லாத ராத்திரிகளில்
மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தால்
சிக்னல் இரண்டு கோடு ஏறும்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஜெர்மனில் கேட்கப் பழகினேன்:
எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து,
குத்துகிறதா, எரிகிறதா.
ஹெட்போனில் ஒரு பக்கம்தான் கேட்கும்.
உன் இடது காதுக்கு மட்டும்தான் ஜெர்மன் தெரியும் என்பாள்
வார்டில் எஸ்தர் அக்கா.

காகிதங்களை அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.
வெள்ளத்தில் நனைந்து உலர்ந்த மார்க் ஷீட்
பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.
நாலு முனைக்கும் உப்பு டப்பா, சீப்பு, ரிமோட்,
அவள் கை.
நிழல் விழாமல் படம் எடுத்து ஏற்றினேன்.
நர்சிங் கவுன்சில் பதிவு, தடுப்பூசி அட்டை,
நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்கிற தாள்.
ஓர் இரும்புப் பெட்டி நிறைய இருந்தது
நாற்பத்தொரு எம்பி.
"அவ்ளோதானா" என்றாள் அம்மா.
பெட்டியை உதறி வெயிலில் காயவைத்து
அன்றைக்கே ரேஷன் அரிசியைக் கொட்டினாள்.

எல்லாம் சுலபம்தான்,
பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்த
முதல் பக்கத்துக்குத் திரும்பும்வரை.
குடும்பப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
புள்ளி வைத்தேன், திறக்கவில்லை.
கோடு போட்டேன், திறக்கவில்லை.
மங்கையர்க்கரசியை இரண்டாக நறுக்கி
மங்கையர் குடும்பத்து அரசி ஆகிவிடலாமா?
பாஸ்போர்ட்டில் உள்ளபடி, என்றது படிவம்.
பாஸ்போர்ட்டில் உள்ளபடி என்றால்
வைத்திலிங்கம்.

எனக்கு எட்டு வயதில்
பலாப்பழ லோடு ஏற்ற பண்ருட்டி போன ஆள்.
பஸ்ஸில் முக்கால் மணி நேரம்,
அவ்வளவுதான் தூரம்.
இத்தனை வருஷமும் என் பெயருக்கு முன்னால்
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக
செருப்பு விடுகிற இடத்தில் நிற்பது மாதிரி நின்றார்.
யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை.
இனி அங்கே நான் ஃபிராவ் வைத்திலிங்கம்.
முதுகு பிடித்துக்கொண்ட கிழவர்கள்
நடுராத்திரியில் கட்டிலிலிருந்து அவரைக் கூப்பிடுவார்கள்.
நான் ஓடுவேன்.

விரல் நுனியால் ரப்பர் குமிழை அழுத்தினேன்.
விழவில்லை.
மறுபடி அழுத்தினேன், ஏழெட்டு விழுந்தது.
வேறெங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டலாமென்றால்
ஒட்டுவதற்கும் அதே பட்டன்தான்.
கடைசியில் 'விசா' என்ற சொல்லிலிருந்து
மவுஸால் ஓர் எழுத்தைக் கிள்ளி வந்து
அவருக்குத் தலை வைத்தேன்.
அடுத்த பக்கம் திறந்தது.

நேற்று டிக்கெட் வந்தது.
அச்சடிக்கத் தேவையில்லை என்று போட்டிருந்தும்
அம்மா தொட்டுப் பார்க்கட்டுமென்று
இம்பீரியல் ரோடு ஜெராக்ஸ் கடையில்
இரண்டு ரூபாய் கொடுத்து எடுத்தேன்.
அவள் இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.
கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரல் வைத்து,
வி, ஏ, ஐ...
நின்றாள்.
குழாய்த் தண்ணீர் குடத்தைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.
போய் மூடிவிட்டு வந்தாள்.

"பெட்டி எத்தனை கிலோ உடுவான்?"
இருபத்து மூணு.
"அந்த ஆளையும் அதுலயே சேர்த்தா?"
இல்லை, அது தனி என்றேன்.
"அப்ப சரி" என்று
மிளகாய்த்தூள் இன்னும் அரைக் கிலோ
பொட்டலம் கட்டினாள்.