சங்கிலிக் கொம்பு

ஓல்டனில் நவம்பர் பிறந்தால்
ஆரே ஆற்று மூடுபனி
முதலில் மரப்பாலத்தைத் தின்னும்,
பிறகு கோபுரத்தை,
பிறகு எங்கள் நாலாம் மாடிப் பல்கனியை.

அன்றைக்குத் திரையும் வெள்ளை.
என் பக்கத்தின் முகவரியைத் தட்டினேன்: வெள்ளை.
மறுபடியும் தட்டினேன்.
பிழைச்செய்தி ஒரு வரி வந்திருந்தால்
அதையாவது திட்டித் தொலைக்கலாம்.
பதினாறு வருடம், முந்நூற்று நாற்பது குறிப்புகள்,
வாசிப்பவர் பதினொரு பேர்
(இரண்டு பேர் மனிதர் இல்லை என்று கணக்கு சொல்கிறது).
வெதுப்பகத்தில் விடிய நாலு மணிக்கு வேலை.
இப்போது பத்து ஐம்பது.

வழி ஒன்றுதான்.
செருகுநிரல்கள் இருக்கிற கோப்புறையின் பெயரை மாற்று,
எல்லாம் மயங்கிச் சாயும்.
பிறகு ஒவ்வொருவராய் எழுப்பு,
ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் திறந்து பார்.

மாத்திரை விற்கிற குப்பைகளை விரட்டுகிறது எழும்பியது.
குற்றமில்லை.
படங்களைச் சுருக்குகிறது, குற்றமில்லை.
திரையில் பனி தூவுகிற ஒன்று,
ஒரு டிசம்பரில் ஆசைக்குப் போட்டு
கழற்ற மறந்தது,
அதுவும் பச்சைப் பிள்ளைபோல் எழும்பியது.
ஒன்பதாவதை எழுப்பினேன்.
வெள்ளை.

நிமலரூபன் எழுதியது அது.
பாமினியில் நான் அடித்து வைத்த
முதல் இருநூறு குறிப்புகளையும்
யூனிகோடாக்கிக் காட்டுகிறது.
கடைசியாகப் புதுப்பித்தது ஒன்பது வருடத்துக்கு முன்.
அது இல்லாவிட்டால் என் பழைய தமிழெல்லாம்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்
சிந்திக் கிடக்கும்.

ஒன்பது வருடம்.
அவன் பிடித்த சீட்டு முறிந்ததும் அப்போதுதான்.
நாலாயிரத்து முந்நூறு பிராங்.
சோலோத்தூர்னில் ஒரு கலியாணவீட்டில்
இரண்டு மேசை தள்ளி இருந்தான்.
நான் பாயாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

அழித்துவிட ஒரு சொடுக்குப் போதும்.
சுட்டியைக் கொண்டுபோனேன்.
கொண்டுபோன கை
கோப்பைத் திறந்தது.

நூற்றுப் பதினேழாம் வரியில் பிழை:
சேவையகம் புதிய பதிப்புக்கு ஏறியபோது
அவன் பாவித்த ஒரு பழைய கட்டளையை
மறந்துவிட்டிருந்தது.
அதற்கு மேலே,
கணினி வாசிக்காமல் தாண்டிப்போகிற இடத்தில்,
குப்பை போல ஒரு வரி.
கண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.
விசைப்பலகையில் அதே எழுத்துகளை
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்,
விரல்கள் வாசித்தன. பாமினி.

"சங்கிலிக் கொம்பு முன்னால் வந்து
தனியே நிற்கிறது, ழகரத்தோடு ஒட்டவில்லை.
மழை என்று எழுத முடியாதாம்.
இவளுக்கு மழை இல்லாமல் ஒரு வரியும் வராது.
ஆகவே இந்தக் கூத்து. தொடவேண்டாம்."

தொட்டேன்.
மூன்று வரி மாற்றம்.
இரண்டு தரம் அடைப்புக்குறி மறந்தேன்,
இரண்டு தரம் மூடுபனி திரும்பியது.
ஒன்றரைக்குப் பக்கம் வந்தது:
தலைப்பு, தேதி,
தூவத் தொடங்கிய அந்த அசட்டுப் பனி,
அடியில் என் முதல் குறிப்பின் முதல் சொல்,
கொம்பும் ழகரமும் ஒட்டியபடி.

அவனுக்குப் போன் எடுக்கவில்லை.
காசு காசுதான்.

பதிப்பு எண்ணை மட்டும் ஒன்று கூட்டினேன்.
எழுதியவர் என்ற இடத்தில்
அவன் பெயர் இருந்தது.
அதில் கை வைக்கவில்லை.
சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினால்
பாலம் இருக்கவேண்டிய இடத்தில்
விளக்கு மட்டும்.