வரவில்லை

முதலில் பெயர்.
குலுக்கலில் வந்த சீட்டில் கிரிபட்டி என்றிருந்தது.
நொமுந்தாரி இரண்டு நாள் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.
அந்த நாட்டு வானொலிப் பதிவு ஒன்றைக் கேட்ட பிறகு
இருவருக்கும் காது சூடேறியது.
எழுத்தில் ‘ட்டி’, வாயில் ‘ஸ்’.
கிரிபாஸ்.
பெயரே வராத வாயோடா
அவர்களுக்காகப் பேசப் போகிறோம் என்றாள்.

நூலக ஜன்னலுக்கு வெளியே உலான்பாத்தர்,
மைனஸ் முப்பத்தொன்று.
கரிப்புகையில் எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை.
கடலை நான் பார்த்ததே கிடையாது.
அவள் ஒருமுறை, விமானத்திலிருந்து.
மேகம் என்று நினைத்துத் தூங்கிவிட்டாளாம்.

முதல் வாரம் சேர்த்ததெல்லாம்
எல்லோரும் சேர்ப்பதுதான்.
கொடி, மக்கள்தொகை, முப்பத்து மூன்று தீவு,
‘மூழ்கும் நாட்டிலிருந்து வருகிறேன்’ என்று தொடங்கும்
கண்ணீர்ப் பேச்சு ஒன்று.
அதற்குள் என் சித்தப்பாவின் ஆடுகள் வேறு,
ஒரே பனிக்காலத்தில் விறைத்துச் செத்த நானூறும்,
எப்படியோ நுழைந்திருந்தன.
நொமுந்தாரி அந்தப் பத்தியைக் குறுக்காக அடித்தாள்.
‘இது உன் துக்கம்.
அவர்களுடையதை அவர்களிடம் கேள்.’

எங்கே போய்க் கேட்பது?
சுருக்கத்தை விட்டுவிட்டு அதன் அடிக்குறிப்புக்குள் இறங்கினோம்.
அடிக்குறிப்பு ஓர் அறிக்கைக்குக் கூட்டிப்போனது,
அறிக்கை ஒரு விசாரணைக் கூட்டத்தின் பதிவுக்கு.
கோணலாக ஸ்கேன் செய்த பக்கங்கள்.
பாதிக்கு மேல் வணக்கமும் நன்றியும்.
நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு செவிலி பேசுகிறாள்.
அலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பாபாய்க் கிழங்குக் குழியில் உப்பு,
கிணற்றில் உப்பு,
பால்மாவை எந்தத் தண்ணீரில் கரைப்பது
என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சைக் கிழித்துப் போட்டு
முதல் வரியிலிருந்து எழுதினோம்.

எதிர் அணியின் வாதத்தையும் உரக்க வாசித்துப் பார்த்தோம்.
நான் எண்ணெய் நாடு.
கொஞ்சம் நன்றாகவே பேசிவிட்டேன் போல,
அன்று மாலை முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் வாக்குப் பட்டியல்.
மேடையில் சொல்வது ஒன்று, கை தூக்குவது ஒன்று,
கையைத்தான் நம்ப வேண்டும் என்று நினைத்துத் திறந்தோம்.
பழைய ஆண்டுகள்.
ஆம். ஆம். வரவில்லை.
ஆம். வரவில்லை. வரவில்லை.
விரல் வரிசையில் இறங்க இறங்க அதே சொல்.
ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினாள்:
அக்கறை இல்லையா?
கேள்விக்குறியை நான் அடித்துவிட்டேன்.

மார்ச்சில் மாநாடு.
பெரிய நாடுகளுக்கு ஆறு பேர், ஏழு பேர்,
சிரிக்கவும் சண்டை போடவும் ஆள்.
நாங்கள் இருவர்.
குழுக்கள் மூன்று, நேரம் ஒன்று.
அவள் குடிநீரில், நான் மீன்பிடி உரிமையில்,
நிதிக் குழுவில் எங்கள் பெயர்ப்பலகை மட்டும்
காலி நாற்காலிக்கு முன்னால்.

‘ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?’
என்று அவளை யாரோ மடக்கியிருக்கிறார்கள்.
தெரியாது, நாளைக் காலை மூலத்தோடு சொல்கிறேன் என்றாளாம்.
பிறகு வந்து, கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

அதற்குள் குறுஞ்செய்தி:
நிதிக் குழுவில் வாக்கெடுப்பு, முன்கூட்டியே.
உண்டியகத்தின் வரிசையைப் பிளந்துகொண்டு,
யார் யாருடைய காலணியிலிருந்தோ உருகிய பனியில் வழுக்கி,
மாடி, இன்னொரு மாடி.
கதவைத் திறந்தபோது
சுத்தியல் மேசையில் விழுந்த ஓசை அடங்கிக்கொண்டிருந்தது.

பதிவாளன் ஒன்பதாம் வகுப்பு எர்கெம்பாயர்,
நாக்கைக் கடித்துக்கொண்டு
அழகான கையெழுத்தில் வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தான்.
எட்டிப் பார்த்தேன்.
கிரிபட்டி: வரவில்லை.

‘கிரிபாஸ்’ என்றேன்.
மூச்சு வாங்கியது. வேறொன்றும் வரவில்லை.

அவன் சீட்டையும் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தான்.
‘எழுத்து சரியாகத்தானே இருக்கிறது?’

சரியாகத்தான் இருந்தது.