முழங்கால் அளவு

சோஹாரில் அக்டோபரிலும் இரவு ஏழு மணிக்குச்
சட்டை முதுகை விடுவதில்லை.
பொறியியல் கல்லூரிக்கும் கடல்சார் கல்லூரிக்கும்
இறுதிப் போட்டி.
பகலில் நான் உருக்காலை விரிவாக்கத்தில் சர்வேயர்,
மில்லிமீட்டர் பார்க்கச் சம்பளம்.
இரவில் கோட்டோரம் ஓடும் கொடிக்காரன்.
பன்னிரண்டு ரியால்,
இரண்டு தண்ணீர் பாட்டில்,
வசவு இலவசம்.

முதல் பாதியில் என் பக்கம் பந்தே வரவில்லை.
வந்ததெல்லாம் வசவுதான், நான்கைந்து மொழிகளில்.
அதில் ஒன்று
"யோவ் கொடி, தூங்காதய்யா!"
திரும்பிப் பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
உதிரி ஆட்டக்காரர் பெஞ்சில் ஒரு நம்மூர்ப் பையன்
அவசரமாகக் குனிந்து
கட்டியிருந்த லேஸையே மறுபடி கட்டினான்.

இடைவேளையில் இஷா பாங்கு.
இரண்டு அணியிலும் தொழுபவர்கள்
ஒரே வரிசையாகத் தோளொட்டி நின்றார்கள்,
என் வெள்ளைக் கோட்டுக்குக்
கொஞ்சம் சாய்வாக.
எத்தனை டிகிரி என்று மனம் கணக்குப் போட்டது.
தொழில் புத்தி.

எண்பத்தெட்டாவது நிமிடம்.
பந்தை உதைப்பதைக் காதால் பார்க்க வேண்டும்,
கண் கடைசித் தடுப்பாளனை விட்டு
அசையக் கூடாது.
சத்தம் கேட்டது.
அந்த ஒரு சத்தத்துக்குள்
சூடான் பையன் முஅத்தஸிமின் குதிகாலைத் தாண்டி
ஹைத்தமின் முழங்கால்.
சாணுமில்லை முழமுமில்லை,
விரற்கடை.

வலை குலுங்கியது.
டிரம் அடித்தவன் டிரம்மின் மேலேயே ஏறிவிட்டான்.
அப்புறம்தான் கொடியைப் பார்த்தார்கள்.
நான் தூக்கியதாக எனக்கு நினைவில்லை,
அது மேலே இருந்தது,
பிடித்திருந்தது என் கை.

பெனால்ட்டியில் ஹைத்தமின் கல்லூரி தோற்றது.
மூன்றுக்கு நான்கு.

பதினொரு மணிக்குக் கரக் கடையில்
எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
அரைகுறை இந்தி அவனிடம்,
அரைகுறை அரபி என்னிடம்.
போனில் அந்த நொடியை நிறுத்திப் பெரிதாக்கினான்.
பெரிதாக்கப் பெரிதாக்க
ஆள் கரைந்து கட்டம் கட்டமாக நிறம்தான் மிஞ்சியது.
எது என்று கேட்டான்.
என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.
எந்தக் கால்?
இடது.

காலை நீட்டி மேசை மேல் வைத்தான்.
கறுப்புப் பட்டை, பக்கவாட்டில் இரும்புக் கீல்,
இரண்டு விரல் தடிமன்.
ஏப்ரலில் ஆபரேஷனாம்.
பட்டையை ஒரு தட்டு தட்டினான்,
பிறகு தன் நெஞ்சை.
"இதுவா, நானா?"

விதிப் புத்தகம் மொத்தமும் எனக்கு மனப்பாடம்.
தலை, உடல், பாதம் என்று இருக்கிறது.
பட்டையைப் பற்றி
எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று
தேநீர் ஆறும் வரை தேடினேன்.
அவன் இரண்டு டீக்கும் காசு வைத்துவிட்டு
காருக்கு நடந்தான்,
நொண்டாமல் நடக்கப் பார்த்தபடி.

விடியற்காலை ஐந்தரை.
தூணடியில் ரொஃபிக்குல் ப்ரிஸத்தைப் பிடித்திருக்கிறான்.
ஒற்றைக் கண்ணை மூடிக் கருவிக்குள் குனிகிறேன்.
"கித்னா, சார்?"
மூன்று மில்லி வெளியே.
"ஓகேவா?"
ஐந்து வரை ஓகே என்கிறேன்.
இரும்புக்கு அப்படி ஒரு சலுகை உண்டு,
தாளில் எழுதி
கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.